‘கருநகம்’ படத்தில் உள்ள தவறுகள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று எடை போடும் நாள். பதினேழு பிள்ளைகளில் பதினான்கு பேர் வந்தார்கள். எடை மெஷினைப் பார்த்ததும் ஊசி போடப்போகிறார்கள் என்று நினைத்து ஒருத்தி ஊரைக் கூட்டினாள். சத்துமாவு மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது. கூரைத் தகடு மாற்றச் சொல்லி நான் கொடுத்த மனு எந்த மேசைக் காலுக்கு அடியில் கிடக்கிறதோ.

மாலை அங்கன்வாடியைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வரும்போது ரேஷன் கடைச் சுவரில் புது போஸ்டர். ‘கருநகம்’. வெள்ளிக்கிழமை முதல். நடுவில் ஒரு கரடி. பல் ஒவ்வொன்றும் நேந்திரம் பழம் நீளம். கீழே சிவப்பு எழுத்தில், ‘நீலகிரியை உலுக்கிய உண்மைச் சம்பவம்.’

அந்த உண்மைச் சம்பவம் என் கணவர்.

படத்தை எடுத்தவர் சேந்தன் என்கிற தம்பி. இரண்டு வருடம் முன்னால் கோத்தகிரி வந்து, எங்கள் எஸ்டேட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, இரண்டு நாள் என் வீட்டில் உட்கார்ந்து நான் பேசியதை எல்லாம் போனில் பதிவு செய்துகொண்டு போனார். “உங்க வீட்டுக்காரர யாரும் மறக்க மாட்டாங்கக்கா” என்றார். நம்பினேன். மகாலிங்கம் என்றால் இந்த எஸ்டேட்டில் ஏழு வருடமாக ஒரே பேச்சுதான்: அங்கன்வாடிப் படியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தபோது கரடி அடித்த ஆள். தேயிலை ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்த மனிதர். இருமல் மருந்தைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிப்பார்.

கரடி என்றால் என்ன என்று இந்தப் படத்தைப் பார்த்தாவது ஜனங்களுக்குத் தெரியட்டும். நன்றாகப் பயப்படட்டும். பயந்தால் வாய் கொஞ்சம் அடங்கும்.

பிப்ரவரி 5, புதன்

மகள் தர்ஷினிக்கு போன் செய்தேன். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அங்கிருந்து மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரம்.

“சனிக்கிழமை மேட்டுப்பாளையம் தியேட்டருக்கு வந்துரு. நானும் எலிசா அக்காவும் வர்றோம்.”

“நான் வரல.”

“உங்கப்பா படம்டி.”

“அதனாலதான் வரல” என்று வைத்துவிட்டாள். பெற்ற அப்பாவைப் பற்றிய படத்துக்கு வராத பிள்ளை!

பிப்ரவரி 8, சனி

லீவு சொல்லிவிட்டு ஏழு மணி பஸ் பிடித்தோம். எலிசா அக்கா என் அங்கன்வாடியில் உதவியாளர். மலை வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்காக, வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். பதினொன்றரைக் காட்சிக்கு எங்களையும் சேர்த்து இருபத்தாறு பேர்.

எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. துக்கம் இல்லை, ஆத்திரம்.

அது கரடியா? கருப்புக் கம்பளிக்குள் ஓர் ஆள் நிற்கிறார். நடை அப்படியே கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரியவர் நடை. கண்ணுக்கு இரண்டு சிவப்பு பல்பு. ஒரு காட்சியில் அதில் ஒன்று எரியவே இல்லை. எடுத்தவர்கள் ஒருவர்கூடவா கவனிக்கவில்லை? சிங்கம் மாதிரி கர்ஜிக்க வேறு செய்கிறது. காட்டை அழித்தவர்களைப் பழிவாங்குகிறதாம். பதினோரு பேரைத் தின்றுவிட்டு, தலையை மட்டும் மரத்தில் வைத்துவிட்டுப் போகிறது.

எங்கள் மலைக் கரடி ஆளைத் தின்னாது. பழியும் வாங்காது. எதிரில் திடீரென்று ஓர் ஆளைப் பார்த்தால் அதுவும் நம்மைப் போலவே திடுக்கிடும். எழுந்து நிற்கும். முகத்தில் அடிக்கும். அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கு அவ்வளவே போதும்.

படத்தில் அவருக்கு மாரி என்று பெயர். முதல் காட்சியிலேயே கையில் பாட்டில். பிறகு தேயிலைத் தோட்டத்தில் எட்டுப் பெண்களோடு குடித்துவிட்டு ஆட்டம். என் கணவர் எங்கள் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கவே கூச்சப்பட்டவர்.

கரடி மாரியின் மேல் பாயும் இடம் வந்தது. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பாய்ந்ததில் கம்பளி மேலே ஏறி, உள்ளே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ தெரிந்தது. முன் வரிசையிலிருந்து ஒருவன், “கரடிக்கு பி.டி. பீரியடு டோய்!” என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. அங்கே என் கணவர் சாகிறார், இங்கே இருபத்து நான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருவர், ஒரே ஒருவர்கூடப் பயப்படவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி. மாரியின் மனைவி வாசலில் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, “போகாதய்யா, சொன்னா கேளுய்யா” என்று கதறுகிறாள். படத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான் யாரும் சிரிக்கவில்லை. எலிசா அக்கா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார். நான் கையை உருவி, பைக்குள் கர்ச்சீப் தேடினேன். அந்தப் பெண் கட்டியிருந்தது பட்டுப் புடவை. எஸ்டேட் லைன் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு எவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வந்தது. திரும்ப எடுத்து உள்ளே போட்டேன்.

சேந்தனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘கருநகம் படத்தில் உள்ள தவறுகள்’ என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு இழுத்தேன். கரடியின் நகம் கருப்பு இல்லை, வெளுத்த மஞ்சள். ஆகவே தலைப்பே தவறு. கரையான் புற்றை உறிஞ்சும்போது பழைய மோட்டார் ஓடுவதுபோல ஒரு சத்தம் வரும், கர்ஜனை கிடையாது. எங்கள் எஸ்டேட்டில் அருவி இல்லை. கங்காணி குதிரையில் வரமாட்டார். என் கணவர் குடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், குடிக்கமாட்டார். இதை மட்டும் மூன்று முறை எழுதினேன்.

மனைவி தடுக்கும் காட்சி பற்றியும் ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். கடிதம் அசிங்கமாகிவிட்டது. நாளை வேறு தாளில் எழுத வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

அந்த ஷூ காட்சியை யாரோ தியேட்டரில் போனில் பிடித்து, பாட்டுச் சேர்த்து, எல்லாருக்கும் அனுப்பிவிட்டிருக்கிறார்கள். எஸ்டேட்டில் பார்க்காத ஆள் இல்லை. மத்தியானம் நான்கு வயதுப் பையன் ஒருவன் எலிசா அக்காவின் கருப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, “டீச்சர், நான் ஷூ போட்ட கரடி!” என்று என் மேல் பாய்ந்தான். ஓங்கி அதட்டிவிட்டேன். உதடு பிதுங்கி, சாப்பிடாமலே மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனை மடியில் வைத்து முட்டையை உரித்து ஊட்டினேன். அவன் என்ன செய்வான்?

பிப்ரவரி 12, புதன்

கடிதம் எல்லாம் வேண்டாம் என்று சேந்தனுக்கு நேராகவே போன் செய்தேன்.

“அக்கா! படம் பாத்தீங்களா?”

“பாத்தேன். அது என்ன கரடி தம்பி?”

“கம்ப்யூட்டர்ல பண்றதாத்தான்க்கா இருந்துச்சு. கைல ஒண்ணும் இல்ல. அப்புறம் டிரெஸ் வாங்குனோம். அதுக்குள்ள இருக்க வேண்டிய ஆள் ரெண்டாவது நாளே ஓடிட்டான். உள்ள இருந்தது நான்தான்க்கா. அந்த ஷூவும் என்னுதுதான்.”

எனக்கு இன்னும் கோபம் ஏறியது. “கரடி எப்படியோ போகட்டும். அவர் கையில ஏன் பாட்டிலக் குடுத்தீங்க? குடிக்க மாட்டார்னு நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

“அக்கா, நீங்களே சொல்லுங்க. சாயங்காலம், பனி, கரடி நடமாட்டம் இருக்குன்னு ஊருக்கே தெரியும். பூட்டியிருக்கிற அங்கன்வாடிக்கு ஒரு மனுசன் ஏன் போனாரு? நான் ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் நீங்க எழுந்திரிச்சு டீ போடப் போயிட்டீங்க. பதிவுல டம்ளர் சத்தம்தான் இருக்கு. வெளிய விசாரிச்சா எல்லாரும் குடிக்கப் போனாருன்னாங்க. காரணம் இல்லாம காட்சி எடுக்க முடியாதுல்லக்கா. தெரியாத எடத்த நான் நிரப்பினேன்.”

“அதுக்காக வாயில வந்ததையா நிரப்புறது?”

“நீங்க சொல்லியிருந்தா அதையே எடுத்திருப்பேன்க்கா. மரியாதைக்காகத்தான் அந்தப் பொண்டாட்டி சீனே வச்சேன்.”

வைத்துவிட்டேன். மரியாதையாம்!

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

தர்ஷினி சொல்லாமல் வந்து நின்றாள். பையை வைத்ததும் அடுப்படியில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். சேந்தன் பேசிய பேச்சை அவளிடம் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். என்ன திமிர், என்ன அலட்சியம், ஒரு மனிதனைக் குடிகாரனாக்கிக் காட்டிவிட்டு என்னிடமே நியாயம் பேசுகிறான் என்றேன்.

அவள் தலை நிமிராமல், “அவர் கேட்டப்ப நீ ஏம்மா சொல்லல?” என்றாள்.

“என்னத்தடி?”

“பயமா இருந்தா வளையல் போட்டுக்கிட்டு வீட்லயே உக்காருங்கன்னு சொன்னியே. அத.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு நான் கட்டில்லதாம்மா இருந்தேன். தூங்கல. ஏழாவது படிக்கும்போது ஒருத்தி போர்டுல அப்பா பேர எழுதிப் பக்கத்துல பாட்டில் வரைஞ்சா. அழுதுக்கிட்டு வந்து உன்கிட்ட சொன்னேன். நீ என்ன பண்ணின? பள்ளிக்கூடத்துக்கு வந்து அவளத் திட்டின. டீச்சரத் திட்டின. எல்லாரையும் திட்டின. அப்பா எதுக்குப் போனாருன்னு மட்டும் நீ சொல்லவே இல்ல. அந்த டைரக்டர் ரெண்டு மணி நேரம் பொய் சொல்லியிருக்காரு. நீ ஏழு வருசமா சொல்ற.”

கையைத் துடைத்துக்கொண்டு பகல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். நான் செய்த உப்புமா மூடியபடியே இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

நவம்பர் மாதம். மணி ஐந்தே முக்கால். பனி இறங்கிவிட்டது. அவர் ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அங்கன்வாடியைப் பூட்டினேனா இல்லையா என்று எனக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. உள்ளே எண்ணெய் டின் இருக்கிறது, சத்துமாவு இருக்கிறது. அந்த வாசத்துக்குக் கரடி வரும். மறுநாள் மேற்பார்வையாளர் வருகிற நாள் வேறு. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். “இந்தப் பனியில வேண்டாம் சாரதா, காலைல வெளிச்சத்துல போறேன்” என்றார். நியாயமாகத்தான் சொன்னார். எனக்கு மேற்பார்வையாளர் பயம். வளையல் பேச்சு அப்போதுதான் என் வாயில் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

அவர் கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். டார்ச் அலமாரியிலேயே இருந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. கரடி உள்ளே இருந்திருக்கிறது. அவர் படியேறும்போது அது வெளியே வந்திருக்கிறது. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். பூட்டு உள்ளே ஆணியில், சாவியோடு, நான் காலையில் மாட்டிய இடத்திலேயே தொங்கியது. நான் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் செய்தேன். கரடி கதவைத் தள்ளி உடைத்தது என்று வனத்துறையிடம் சொன்னேன். கரடி கதவை உடைப்பது வழக்கம்தான், நம்பினார்கள். அவர் ஏன் அங்கே போனார் என்று கேட்டபோது தெரியாது என்றேன். அந்தத் ‘தெரியாது’ என்ற இடத்தில்தான் ஊர் பாட்டிலை வைத்தது. எனக்கு வேலை மிஞ்சியது.

பிப்ரவரி 20, வியாழன்

மாதாந்திரக் கூட்டம். வருகைப் பதிவேட்டுக்கு அட்டை போட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எஸ்டேட் சமுதாயக் கூடத்தில் பையன்கள் படம் போட்டார்கள். இந்தப் படத்தைக்கூடத் திருடிப் பிரதி எடுக்க ஆள் இருக்கிறது! மத்தியானம் மூன்று மணி. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி மறைத்திருந்தார்கள். எலிசா அக்கா, “நீங்க போகாதீங்க டீச்சரு. சிரிக்கத்தான் போடுறாங்க. மனசு நொந்துபோவும்” என்றார். போனேன். எலிசா அக்காவும் கூடவே வந்தார். எழுபது பேர் இருக்கும். பின்னால் சுவர் ஓரமாக என் கணவரின் தம்பி கதிரேசனும் நின்றிருந்தார். அண்ணன் போன பிறகு அவர் என் வீட்டுப் படியேறியதில்லை.

கரடி வருவதற்கு முன்பே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. மாரி பாட்டிலோடு ஆடும்போது யாரோ, “அப்படியே நம்ம மகாலிங்கண்ணன்” என்றார்கள். கேலிகூட இல்லை அது, சாதாரணமாகச் சொன்னார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு அந்தப் பெண் வாசலில் விழுந்து காலைப் பிடித்தாள். கூடம் அமைதியானது. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நாலைந்து பேர் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

எழுந்து முன்னால் போனேன். படம் என் சேலைமேல் ஓடியது.

“நிறுத்துங்க” என்றேன். நிறுத்தினார்கள்.

“அவர் குடிக்க மாட்டார். ஒருநாளும் குடிச்சதில்ல. நான் போகாதீங்கன்னு கும்பிடவும் இல்ல. அவர் போகமாட்டேன்னுதான் சொன்னார். நான்தான் பேசிப் பேசி அனுப்பினேன். அங்கன்வாடிய பூட்டாம வந்தது நான். கதவக் கரடி உடைக்கல. பூட்டு என் இடுப்புல இருந்துச்சு.”

எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இருக்காது. ஏழு வருடமாக, இதைச் சொன்னால் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு குழந்தை, “கரடி எப்ப வரும்?” என்று கேட்டது.

மறுபடி படத்தைப் போடவில்லை. வாசலில் எல்லாரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். எலிசா அக்கா மட்டும் வீடு வரைக்கும் கூட நடந்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் கதிரேசன் வந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வாசலுக்கு வெளியேதான் நின்றார்.

“நேத்து சொன்னது நெசங்களா அண்ணி?”

“நெசம்.”

“ஏழு வருசமா அண்ணன் திதிக்கு நான் வரல. ஏன்னு தெரியுங்களா? வெக்கம். குடிச்சுட்டுச் செத்தவனுக்கு என்ன படையல்னு, பாவி நான் கேட்டுருக்கேன்.” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “எங்கம்மா சாகறதுக்கு முந்தின நாளு என்னக் கூப்ட்டு, ‘பெரியவன் எப்படா குடிக்கப் பழகுனான், எனக்குத் தெரியாமப் போச்சே’ன்னு கேட்டாங்க. என்கிட்டப் பதில் இல்ல. உங்ககிட்ட இருந்துச்சு. அம்மா தலைமாட்டுலதானே உக்காந்திருந்தீங்க?”

ஆமாம். தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வெந்நீர்த் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மன்னிச்சிருங்க” என்றேன்.

“அது என்னால முடியுமான்னு தெரியல அண்ணி. பொய் சொல்லப் பிடிக்கல” என்றார். போகும்போது திரும்பி நின்று, “இந்தத் திதிக்கு வருவேன். அண்ணனுக்காக” என்றார்.

பிப்ரவரி 28, வெள்ளி

மேற்பார்வையாளர் காதுக்குப் போய்விட்டது. விளக்கம் எழுதித் தரச் சொன்னார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். வேலை இருக்குமா என்று தெரியாதாம், மேலே அனுப்புகிறாராம். தர்ஷினிக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் தர்ஷினி கூப்பிட்டாள். “சித்தப்பா போன் பண்ணாரு” என்றாள். பிறகு, “சாப்டியாம்மா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அடுத்த வாரம் வருகிறாளாம்.

மத்தியானம் சேந்தனைக் கூப்பிட்டேன். படம் ஆன்லைனில் வரப்போகிறது என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னேன். இந்தத் தடவை டீ போட எழுந்திருக்கவில்லை.

அவர், “சீன மாத்தி எடுக்க என்கிட்ட வழியில்லக்கா” என்றார். “கடைசில ஒரு கார்டு போடலாம். எழுத்து மட்டும். என்ன போடட்டும்?”

நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். வாசித்தேன்.

‘மகாலிங்கம் குடிக்கமாட்டார். அங்கன்வாடியைப் பூட்டாமல் வந்தது நான். அவர் வேண்டாம் என்று சொல்லியும் அவரை அங்கே அனுப்பியது நான். இப்படிக்கு அவர் மனைவி சாரதாமணி.’

“அக்கா, இது ரொம்பக் கடுமையா இருக்கே. ‘பிள்ளைகளின் உணவைக் காக்கச் சென்று உயிர் நீத்தார்’னு போட்டா அவருக்கும் கௌரவம், உங்களுக்கும்…”

எனக்கு வந்ததே கோபம்!

“தம்பி, ஒரு தடவ நீங்க நிரப்பினது போதும். நான் சொன்னத மட்டும் எழுதுங்க. ஒரு எழுத்து கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எழுதிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க.”

எழுதும் சத்தம் கேட்டது. வாசித்தார். சாரதாமணியில் ‘ர’வுக்குப் பதில் ‘ற’ போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

சரியாக இருந்தது.